இரண்டாவது நோட்டு

மாவட்ட அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்கு அடியில் அவளுடைய மேசை இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் படியில் தலை இடிக்கும். இருபத்திரண்டு வருடம் குனிந்தே எழுதிப் பழகியதில், திறந்த தெருவில் நடக்கும்போதுகூட ஏதோ கூரைக்கு அடியில் போகிறவள் போலக் கழுத்தைத் தாழ்த்தித்தான் நடப்பாள். மனு எழுதிக் கொடுப்பவள் என்பதால் ஊருக்கே அவள் 'மனு அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம், "போகட்டும், எனக்கு வயசு ஏறலை, பதவிதான் ஏறியிருக்கு" என்று விட்டுவிட்டாள்.

விண்ணப்பத்தின் கட்டத்தில் எழுத வேண்டியது நாலு வார்த்தை. வருகிறவர்கள் சொல்வதோ நாற்பது வருடக் கதை. கணவர் பெயர் என்ற இடம் வந்ததும் சில பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். பிறந்த தேதி என்றதும் சில ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள், வேண்டிய நாலு வார்த்தையை எழுதுவாள், மிச்சத்தை விழுங்கிவிடுவாள். அவள் காதுக்குள் போனது வாய் வழியாக வெளியே வந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயர்தான் அவள் தொழிலுக்கு முதல்.

கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போனபோது அவளுக்குப் பதினான்கு வயது. அண்ணனுக்கு இருபத்தாறு. அவர்தான் படிக்க வைத்தார், காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், முதல் மேசையைத் தன் மரக்கடைப் பலகையில் தானே அடித்துக் கொடுத்தார். அவர் வீட்டின் பின்னறையில்தான் அவள் இருந்தாள். அண்ணன் ஒன்று சொன்னால் அது அவளுக்குக் கல்லில் வெட்டியது. கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

எல்லைக்கு அப்பால் சண்டை மூண்ட வருடம், விடாமல் மழை கொட்டிய ஒரு வாரத்தில், எழுபத்திரண்டு பேர் நடந்தே ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். பஸ் நிலையத்துக் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் நின்றார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். அண்ணன்தான் முதலில் நின்றார். கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தின் சாவியைத் தன் கையாலேயே எடுத்து வந்து திறந்துவிட்டார்.

"வாசல்ல நிக்கிறவங்களை உள்ள கூப்பிட்டுட்டு, அப்புறம்தான் யாருன்னு கேக்கணும். எங்க சாமி அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றார், கமிட்டியில் முணுமுணுத்தவர்களைப் பார்த்து.

விஷயம் பரவி, பள்ளிவாசல் இமாம் இரண்டு பெரிய அண்டாவோடு வந்தார். "அடைக்கலம்னு வந்தவங்களைப் பத்திரமா வச்சுக்கறது எங்களுக்குக் கடமை. இதுல தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை" என்றார். மாதா கோயில் ஃபாதர் போர்வைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நனைந்தபடி வந்தார். "அந்நியனுக்குக் கதவு திறந்தா அது ஆண்டவருக்கே திறந்த மாதிரி" என்று சொன்னவருக்குத் தும்மல் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மூன்று கோயிலும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். ஆரம்பத்தில் நல்லது செய்வதிலேயே போட்டி. ஒருநாள் காலையில் மூன்று இடத்திலிருந்தும் சாப்பாடு வந்து, குழந்தைகள் வயிறு முட்டித் திணறின. மறுநாள், நேற்று மிஞ்சியதே இருக்கும் என்று மூவரும் நினைத்துக்கொண்டதில் ஒரு கவளம்கூட வரவில்லை. மனு அக்கா ஓடிப்போய் ரொட்டிக்கடையைக் காலி செய்துகொண்டு வந்தாள். அன்று மாலையே ஓர் அட்டையில் கட்டம் போட்டு, யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"மூணு சாமியையும் ஒரு அட்டையில அடக்கிட்டியேம்மா" என்றார் அண்ணன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

பதிவு செய்யும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. இரண்டு நோட்டு போட்டாள். முதல் நோட்டு அரசாங்கத்துக்கு: பெயர், வயது, தொழில், சொந்த ஊர். இரண்டாவது நோட்டு, காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு. வழியில் பிரிந்த பிள்ளை, கூட வராமல் நின்றுவிட்ட அப்பா, வேறு பாதையில் போன தம்பி என்று அந்தக் கூட்டத்தில் ஆளுக்கு ஒருவரையாவது தொலைத்திருந்தார்கள். ஃபாதருக்குத் தெரிந்த ஒரு சங்கம் எல்லா முகாம்களிலும் விசாரித்துத் தேடிக் கொடுக்கும். அதற்கு உண்மை வேண்டும். உண்மையான பெயர், எந்த வழியாக வந்தார்கள், எதற்காக ஓடினார்கள், எல்லாம்.

"இது என் பெட்டியை விட்டு எங்கேயும் போகாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதினாள். தேடுவதற்கான கடிதங்களையும் அவளே கையால் எழுதி, தேவையானதை மட்டும் போட்டு அனுப்பினாள்.

எழுபது பேரின் விவரமும் நோட்டில் ஏறியது. ஒருத்தியும் அவள் கணவனும் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஒரு நர்ஸ். ஊரில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். வந்த மறுநாளே மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இரண்டாகத் தடுத்து, காய்ச்சல்காரர்களைத் தனியாகப் பிரித்துவிட்டாள். மணப்பெண் அறையில் எழுபத்து மூன்றாவது ஆளாக ஒரு குழந்தையையும் பிறக்க வைத்தாள். கூட வந்த கணவன் கொத்தனார் என்று முதல் நோட்டில் இருந்தது. மண்டபத்தின் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியை அவன் பூசிய அழகைப் பார்த்து மனு அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது நாளே தொட்டி மறுபடி ஒழுகியது.

நாலு மாதம் கழிந்தது. மனு அக்காவும் நர்ஸும் சேர்ந்து போர்வை துவைப்பார்கள், டீ குடிப்பார்கள், மண்டபத்து ஒலிபெருக்கியைத் திட்டுவார்கள். ஒருநாள் பகல், மொட்டை மாடியில் ஆளுக்கு ஒரு முனையாகப் போர்வையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் சொன்னாள்:

"அக்கா, அவரு கொத்தனார் இல்லை."

"அது தொட்டியைப் பார்த்தாலே தெரியுதே."

நர்ஸ் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே முகத்தைப் போர்வையில் வைத்துக்கொண்டாள். அவன் பட்டாளத்தில் இருந்தவன். ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னபோது துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தவன். திரும்பிப் போனால் விசாரணைகூட இருக்காது, சுவரோடு நிற்க வைத்துச் சுட்டுவிடுவார்கள். அவனுடைய தம்பி வேறு வழியாக வந்தானா, பிடிபட்டானா, தெரியவில்லை. தம்பியைத் தேட வேண்டுமென்றால் இவனுடைய உண்மைப் பெயரைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

"சொல்லலாமா அக்கா? நீங்களே சொல்லுங்க. சொல்லலாம்னா சொல்றேன்."

மனு அக்கா யோசிக்கவே இல்லை. "என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி" என்றாள்.

அன்றைக்கே எழுதினாள். அறுபத்தெட்டாம் பக்கம். நாலு மாதத்தில் நிரம்பிய நோட்டைப் பின்னறையில் தகரப்பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அண்ணன் வீட்டில் எதற்குப் பூட்டு?

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மூன்று வேன்கள் மண்டபத்து வாசலில் வந்து நின்றன. அன்று இமாம் வீட்டு முறை. அண்டா இன்னும் திறக்கப்படவில்லை. ஓர் அதிகாரி கையில் தாளை வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தார். பதினொரு பெயர். எல்லாம் உண்மைப் பெயர்கள்.

முதல் பெயரைக் கேட்டபோது மனு அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது பெயருக்குக் கையில் இருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். கொத்தனாரின் பெயர், அந்த மண்டபத்தில் இரண்டே பெண்களுக்குத் தெரிந்த பெயர், ஏழாவதாக வந்தது.

அவன் ஓடவில்லை. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு எழுந்தான். நர்ஸ் அதிகாரியைப் பார்க்கவில்லை, வேனைப் பார்க்கவில்லை, கணவனைக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மனு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனு அக்கா செருப்புப் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். பெட்டியைத் திறந்து புடவைகளை வாரி வெளியே போட்டாள். நோட்டு இருந்தது, வைத்த இடத்தில், வைத்தபடியே. தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் எங்கேயாவது உளறிவிட்டேனா? கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேனா? தன் வாயையே சந்தேகப்பட்டுக்கொண்டு, எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மனதுக்குள் வாசித்துப் பார்த்தாள். எதிலும் இல்லை.

கால் போன போக்கில் மேசைக்கு வந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்திருக்கு? ஜெராக்ஸ்ல கொஞ்சம் கறுப்பு விழுந்திடுச்சா? அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே, வேணும்னா திருப்பி எடுத்துத் தர்றேன்னு."

"எதை?"

"அந்த நோட்டைத்தான். போன வாரம் நீங்க மண்டபத்துல இருந்தப்போ அண்ணனே கொண்டு வந்தார். எழுபது பக்கம் சொச்சம். கமிட்டி வேலைன்னார். ஏன், ஏதாவது பக்கம் விட்டுப்போச்சா?"

அவர் கேட்டது நல்ல மனதோடுதான். அவள் திரும்பி மரக்கடையைப் பார்த்து நடந்தாள்.

மரக்கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அவள் வருவதைப் பார்த்ததும் கையைக் காட்டி ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தாங்களாகவே வெளியே போனார்கள். அவளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்ததும் அவளுக்கும்.

"உக்காரும்மா."

"எடுத்தீங்களா?"

"உக்காரு, சொல்றேன். மண்டபத்தையே மூடச் சொல்லி மேலேருந்து உத்தரவு வந்துச்சு. எழுபத்து மூணு பேரையும் லாரியில ஏத்தி எல்லையில கொண்டு போய் விட்டிருப்பாங்க. நான் மூணு வாரம் கெஞ்சினேன். பட்டாளத்துல இருந்தவன், இயக்கத்துல இருந்தவன் யாருன்னு மட்டும் காட்டிக் கொடுங்க, மிச்சப் பேருக்கு இங்க தங்கறதுக்குக் காகிதம் தர்றோம்னாங்க. அறுபத்திரண்டு பேர்ம்மா. பொம்பளைங்க, குழந்தைங்க. நீ என்ன பண்ணியிருப்பே?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா கொடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கலை."

அவர் அதை ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். அவளுக்குள் முப்பது வருடம் நின்றுகொண்டிருந்த ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்துபோனது. பிறந்ததிலிருந்து அவரை நீங்க என்றே கூப்பிட்டவள், முதல் தடவையாக, தானே அறியாமல், "நீ என் பெட்டியில கை வச்சே" என்றாள்.

அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "நான் மட்டும் இல்லை. அந்தப் பட்டியல்ல இமாமும் ஃபாதரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார்.

அவள் அதை நம்பவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போனாள். இமாம் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏதோ ஒரு பட்டியல்னு சொன்னாங்கம்மா. எங்கேருந்து வந்ததுன்னு நான் கேக்கலை" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கக்கூடாதுன்னுதான் கேக்கலை" என்றார்.

ஃபாதர் கதவைத் திறந்தபோதே அவர் கண் சிவந்திருந்தது. "உன் நோட்டுலேருந்து எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்மா. விசாரிச்சிட்டு விட்டுடுவாங்கன்னு சொன்னாங்க, நம்பினேன். நம்பினது எனக்கு வசதியா இருந்துச்சு." அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டுவிட்டு வந்தாள்.

கெட்டவர்கள் செய்திருந்தால் அவளால் எப்படியாவது தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். மழையில் அண்டா சுமந்தவரும் போர்வை கொண்டுவந்தவரும் சாவி எடுத்துத் திறந்தவரும் ஒரே தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அட்டையில் அவள் ஒன்றாகக் கட்டம் போட்டு வைத்தவர்கள், அவளை விட்டுவிட்டு ஒன்றாகிவிட்டார்கள்.

மூன்றாவது நாள் செய்தி வந்தது. பிடித்துப் போனவர்களில் நாலு பேரை எல்லை தாண்டி ஒப்படைத்துவிட்டார்கள். கொத்தனார் அதில் ஒருவன். மிச்ச ஏழு பேர் துறைமுகத்துப் பக்கம் ஒரு காவல் முகாமில் இருந்தார்கள்.

மனு அக்காவுக்கு அழக்கூட வரவில்லை. தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அதைச் செய்தாள். மேசையில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினாள். இந்த விவரங்களை நான் தேடுவதற்காக மட்டும், வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்து வாங்கினேன். என் அண்ணன் எனக்குத் தெரியாமல் என் பெட்டியிலிருந்து எடுத்தார். மூன்று பேர் கையெழுத்தோடு அது அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டது. ஊரார் அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்தவள், தன் பெயரை மனுதாரர் என்ற இடத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக வந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

ஒரு பெண் வக்கீல் அதை வைத்து, ஏழு பேரையும் விடுவிக்கக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக ஒப்புக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்ததும் அண்ணி பின்னறைக்கு வந்து, "வளத்தவர் மார்புலயே பாயறியேடி" என்று அழுதாள். அண்ணன் சாப்பிட உட்காரும்போது அவளுடைய தட்டையும் வழக்கம்போலத் தானே எடுத்து வைத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பார்த்துப் பெட்டியோடு போய்விட்டாள்.

மண்டபத்திலிருந்து ஓர் ஆள் வந்தான், அங்கே பிறந்த குழந்தையின் அப்பன். பிரசவத்தன்று அறைக்கு வெளியே மனு அக்காதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அறுபத்திரண்டு பேரில் அவனுக்கும் காகிதம் கிடைத்திருந்தது. "கேஸ் போடாதீங்கக்கா. எங்க காகிதத்தையும் பிடுங்கிடுவாங்க. உங்க அண்ணன் எங்களுக்குக் கடவுள் மாதிரி" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குழந்தை இங்கே உயிரோடு இருப்பதற்கு அண்ணனும் ஒரு காரணம். இருந்தாலும், "ஏழு பேர் உள்ள இருக்காங்கப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் செய்வது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மறுநாள் வக்கீலிடம் வழக்குக்குக் கையெழுத்துப் போடப் போனாள்.

வழக்கு பதினொரு மாதம் நடந்தது. கூண்டில் ஏறி நின்று அண்ணனைச் சுட்டிக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, அவளை முறைக்கவும் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவள் மேடையேறிப் பேசியபோது பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேரையும் விடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அறுபத்திரண்டு பேரின் காகிதத்தை யாரும் தொடவில்லை. போன நாலு பேரைப் பற்றி நீதிமன்றத்தால் வருத்தம் தெரிவிக்கத்தான் முடிந்தது.

நர்ஸ் அவ்வளவு நாளும் அதே மண்டபத்தில்தான் இருந்தாள். மனு அக்கா போனால் எழுந்து காய்ச்சல்காரர்கள் பக்கம் போய்விடுவாள். தீர்ப்பு வந்த மாதம், வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் புறப்பட்டாள். கேள்விப்பட்டு மனு அக்கா பஸ் நிலையத்துக்குப் போனாள். இரண்டு பைகள் இருந்தன. கேட்காமலேயே ஒன்றைத் தூக்கினாள். நர்ஸ் தடுக்கவில்லை. பஸ் வரை சேர்ந்து நடந்தார்கள்.

படியில் ஏறுவதற்கு முன்னால் நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க கொடுக்கலைன்னு எனக்குத் தெரியும்க்கா. கோர்ட்ல நின்னதும் தெரியும். ஆனா நான் உங்க அண்ணன்கிட்டயா சொன்னேன்? உங்ககிட்டதானே சொன்னேன்."

பூட்டில்லாத பெட்டி, யோசிக்காமல் கொடுத்த வாக்கு, இரண்டும் அவளுடையவைதான். பஸ் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றாள். நடத்துனர் ஒருவர் வந்து, "எந்த ஊரும்மா போகணும்?" என்று கேட்டார்.

இப்போதும் அதே படிக்கு அடியில்தான் எழுதுகிறாள். கூட்டம் குறையவில்லை. ஒரே ஒரு வித்தியாசம். யாராவது முன்னால் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தால், கையை உயர்த்தி நிறுத்திவிடுகிறாள். "கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை உங்ககிட்டயே வச்சுக்குங்க" என்கிறாள். சிலருக்கு மனம் கோணுகிறது. அக்காவுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அண்ணன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடிக்கு வருகிறார். அவருக்கு முட்டி வலி. ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறுகிறார். காலடிச் சத்தம் கேட்டதும் அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அறைக்கு வெளியே, நடையில் போடுகிறாள். ஒரு டம்ளர் டீ கொடுக்கிறாள். தான் நிலைப்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். அண்ணியின் சர்க்கரை, மரக்கடை வேலை, மழை என்று ஏதேதோ பேசுகிறார்கள். அவர் ஒருதடவையும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அவளும் ஒருதடவையும் "உள்ள வாங்க" என்று சொன்னதில்லை.